ஸ்டெப்னி வேணுமா, வேண்டாமா?

நட்பைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் இந்த மலரில் நிறையப் பேர் நன்றாகவே எழுதியிருப்பார்கள். நான் ஸ்டெப்னியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் சோறு தின்னும்போதும் பேச்சு, படுக்கும்போதும் பேச்சு இதைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சொல்லுக்கு வருவோம். ஸ்டெப்னி என்பது நல்ல இங்கிலீஷ் வார்த்தை என்று நம்பி ஒரு அமெரிக்கக்காரரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸில் லனெல்லி என்று ஓர் ஊர். அந்த ஊர் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு வேலை செய்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் சக்கரத்தை இப்போது போலக் கழற்றி மாட்ட முடியாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டி, மறுபடி திணிக்க வேண்டும். காற்றடித்துத் தயாராக வைத்த டயரோடு கூடிய ஒரு வளையத்தை அவர்கள் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து முடுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். தெருவின் பேர் சாமானுக்கு வந்தது. அந்தச் சாமான் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேர் மட்டும் நம் நாட்டில் சாகவில்லை. லனெல்லி எங்கே, சோமனூர் எங்கே! எங்கள் ஊர் பஞ்சர் கடையில் "ஸ்டெப்னிக்கும் காத்துப் புடிச்சிருங்" என்று சொல்கிற யாருக்கும் அது ஒரு தெருவின் பேர் என்று தெரியாது. எனக்கும் இந்த விவகாரம் வந்த பிறகு தேடிப் படித்ததுதான்.

விவகாரம் இதுதான். என் அப்பா இருபது வருஷம் தறி ஓட்டினார். நெஞ்சில் பஞ்சு சேர்ந்து இருமல் அதிகமானபின், எங்கள் ஊர் பெரியவர் ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். அவரிடம் 1986-ம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று இருக்கிறது, மார்க் 4. வெள்ளை நிறம். அவர் அந்தக் காரை விற்க மாட்டார், வீட்டில் வேறு கார் இருந்தும் நல்லது கெட்டதுக்கு அதில்தான் போவார். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான் போகும். அம்பாசிடர் உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுபோன பிறகு அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. ஓடுகிறபோது யாரும் சீண்டாத வண்டி, நின்றபிறகு எல்லோரும் போட்டோ எடுக்கிற வண்டியாகிவிட்டது!

பெரியவரின் மகன் புதுக் கார் வாங்கினார். அதில் ஸ்டெப்னியே கிடையாது. ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சர் ஒட்டும் சாமானும், காற்றடிக்கும் குட்டி மோட்டாரும் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. "அம்பாசிடர்லயும் அந்தப் பழைய டயரைத் தூக்கிக் கடாசிருங்க. டிக்கியில பூமாலை, சீர்த்தட்டு வெக்க எடம் ஆகும். வண்டியும் லேசாகும்" என்றார். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் முதலாளி மகனிடம் எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை. பெரியவர் நடுவில் புகுந்து, "உன்ற பையன் டிப்ளமோ படிக்கறானல்லோ, அவங்கிட்டக் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. ஆகவே நான் சொல்வது படித்தவன் வார்த்தை. அப்பா சாயந்திரம் வந்து, "நீயே சொல்லு கண்ணு, வேணுமா, வேண்டாமா?" என்றார். இருபது வருஷம் மிசினோடு பழகியவர், கார்புரேட்டர் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவர், இரண்டாம் வருஷம் படிக்கிற என்னிடம் கேட்கிறார். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று சொல்லிவிட்டு, விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சட்டம். ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாம் என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. டயர் டியூப்லெஸ்ஸாக இருக்க வேண்டும். காற்று குறைந்தால் டிரைவருக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் வண்டியில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. சின்ன முதலாளியின் புதுக் காரில் மூன்றும் உண்டு. அம்பாசிடரில் மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு மேல் பேசவே வேண்டியதில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு மட்டும், சட்டம் இருக்கட்டும், காரணம் என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

காரணம் தெரிய என் மாமன் கடைக்குப் போனேன். அம்மாவின் தம்பி, பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லீவு நாளில் நானும் அங்கே டயர் நெம்பியிருக்கிறேன். "மாமா, டியூப்லெஸ்ஸுக்குக் குச்சி சொருகற மாதிரி அம்பாசிடர் டயருக்குச் சொருக முடியாதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மாப்ளே, காத்து எங்க இருக்குதுன்னு பாரு. அதுல காத்து டயருக்குள்ளயே நிக்குது. இதுல டியூப்புக்குள்ள நிக்குது. டயர் ஓட்டையை அடைச்சு என்ன பண்ண?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், அந்த ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொள்ளும். காற்று மெல்ல மெல்ல இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து குச்சியைச் சொருகி அடைத்துவிடலாம். டியூப் டயரில் ஆணி பட்டால் டியூபில் இருக்கிற காற்று வால்வு ஓட்டை வழியாகவும் ரிம் ஓரமாகவும் மளமளவென்று வெளியேறிவிடும். டியூப் கிழிந்தே போவதும் உண்டு. ஒட்ட வேண்டுமானால் சக்கரத்தை இறக்கி, லீவர் போட்டு டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, முட்டை வருகிற இடம் பார்த்து ஒட்ட வேண்டும். கடையில் இதெல்லாம் சுலபம். ராத்திரி ரோட்டோரத்தில் யார் செய்வது?

மாமா இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. அம்பாசிடருக்கு டயர் 5.90-15 சைஸ். புதுக் காருக்கு டயர் வெடித்தால் எந்த டவுனிலும் பொருத்தமான சைஸ் கிடைக்கும். இதற்கு? பெரிய கடையிலேயே சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கிறது. பத்மினிக்கு 5.20-14, அதற்கும் இதே கதி. பழைய கார் வைத்திருப்பவன் ரோட்டில் போகும்போது தன் கடையையும் கூடவே கொண்டு போக வேண்டும் என்பது மாமாவின் கட்சி.

கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தை (2015-ல் திறந்தார்கள்) நம் வகுப்பில் பலர் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போனால் எஞ்சினை மட்டும் பார்க்காமல் ஸ்டெப்னியையும் பாருங்கள். பழைய கார்களில் அதை ஒளித்து வைக்கவே இல்லை. மட்கார்டு பக்கத்திலோ பின்னாலோ எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருப்பார்கள். ரோடு அப்படி, டயர் அப்படி. ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டியவர் அல்லவா? அந்த நாளில் அந்த ரோட்டில் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். மியூசியத்தில் நிற்கிற காருக்கு ஸ்டெப்னி அழகு. ஓடுகிற காருக்கு அது வேறு விஷயம்.

ஆனால் சின்ன முதலாளி பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் அந்த ஸ்டெப்னியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். மேலே பட்டன் எல்லாம் புத்தம் புதுசு, தேயவே இல்லை. பார்க்கிறவர்கள் நல்ல டயர் என்றுதான் சொல்வார்கள். பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினால் நிலம் வெடித்த மாதிரி பொடிப் பொடியாகக் கீறல். டயர் ஓரத்தில் நாலு நம்பர் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். இதில் 1409. அதாவது 2009-ம் வருஷம் பதினாலாவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். பத்து வருஷத்துக்கு மேல் போனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். கன்று செத்த மாட்டிடம் பால் கறக்க வைக்கோல் கன்றுக்குட்டியை நிறுத்துவார்களே, அது மாதிரி டிக்கியில் ஒரு ஸ்டெப்னி. மாடு ஏமாறலாம், ரோடு ஏமாறாது. இப்படிப்பட்ட ஸ்டெப்னிக்கு, இல்லாமலிருப்பதே மேல். இல்லை என்று தெரிந்தால் ஜாக்கிரதையாகவாவது இருப்போம்.

தறியில் நாடா இரண்டு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் தார் போட்டுத் தயாராக இருக்கும். அது தீர்ந்ததும் இது போகும், இது தீர்ந்ததும் அது. இரண்டும் மாறி மாறி ஓடுவதால் இரண்டும் நல்ல நிலையில் இருக்கும். "அஞ்சு டயரையும் அப்படி மாத்தி மாத்தி ஓட்டியிருந்தா இது இப்படிக் கெட்டிருக்குமா?" என்று அப்பாவே சொன்னார். மெயின்டனன்ஸ் பாடத்தில் நான் படித்ததைவிட எனக்கு அது சுருக்கமாகப் புரிந்தது.

அப்போதுதான் அப்பா 2018-ல் நடந்ததைச் சொன்னார். சிவன்மலையில் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். பெண்ணை ஏற்றிக்கொண்டு மூன்றரை மணிக்குக் கிளம்பி, பல்லடம் தாண்டி, பொங்கலூரும் தாண்டிய பிறகு பின் சக்கரம் பஞ்சர். முன்சீட்டில் அருமைக்காரர், பின்னால் பெண், பெண்ணின் அத்தை, மடியில் தாம்பாளம். அன்றைக்கு ஸ்டெப்னி நல்லபடி இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் மாட்டி, நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டார்.

இதை நான் சின்ன முதலாளியிடம் சொன்னபோது அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இன்னிக்கு அப்படி ஆச்சுன்னா போன் போட்டு வேற காரைக் கூப்பிட்டு பொண்ணை ஏத்தி விட்டர்லாமே தம்பி, அதுக்கு எதுக்கு ஸ்டெப்னி?" உண்மைதான். பெண் போய்விடும். அருமைக்காரரும் போய்விடுவார். அம்பாசிடர் எப்படிப் போகும்? டோயிங் வண்டி வரும்வரை இருட்டில், லாரி போகிற ரோட்டில், அதோடு நிற்பது யார்? அப்பாதான். ஸ்டெப்னி பயணம் செய்கிறவருக்கு என்று நினைக்கிறோம். கடைசியில் வண்டியோடு தங்கிவிடுகிறவருக்குத்தான் அது. இதை நான் அவரிடம் இப்படிக் கோவையாகச் சொல்லவில்லை. "எங்கப்பா அங்க தனியா நிக்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப முடிவா என்ன சொல்ற கண்ணு?" என்றார். நான் சொன்னேன்: "ஸ்டெப்னி வேணுமுங்க. ஆனா இந்த ஸ்டெப்னி வேண்டாமுங்க. புது டயர் ஒண்ணு வாங்கோணும். உள்ளூர்ல சுத்தறதுக்கு, கருமத்தம்பட்டி வரைக்கும் போய் வர்றதுக்கு, டிக்கியில எடம் வேணும்னா எறக்கி வெச்சுக்கலாமுங்க, மாமன் கடை பக்கத்துலயே இருக்குது. பல்லடம் தாண்டிப் போனா வண்டியில இருக்கோணும்." டயர் விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது சின்னப் பணமில்லை. அவருக்கும் சும்மா வரவில்லை. ஆனாலும் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

டயர் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் இரண்டு கல்யாணத்துக்கு அம்பாசிடரை அனுப்பவில்லை. ஒரு வீட்டாருக்கு வருத்தம்கூட. வந்த டயரை மாமா ரிம்மில் ஏற்றி, புது டியூப் போட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காற்றுப் பிடித்தார். சும்மா கிடந்தாலும் டியூபில் காற்று இறங்கும், குறைக்க வேண்டுமானால் உடனே குறைக்கலாம், ஏற்றத்தான் நடுவழியில் முடியாது என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான்.

அன்று சாயந்திரமே அப்பா ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். நான் மாட்ட, அவர் மேஸ்திரி. ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியைத் தூக்குவதற்கு முன்னாலேயே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தச் சொன்னார். சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இறுகிய நட்டு கழலும். தூக்கிய பிறகு திருப்பினால் சக்கரமும் கூடச் சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவும். நாலு நட்டு கழன்றது. ஐந்தாவது துருப்பிடித்து அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று பார்த்தேன், பைப் சொருகி நீட்டிப் பார்த்தேன். சின்ன முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு கை கொடுத்தார். கடைசியில் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் காலை அப்பாதான் கழற்றினார்.