இரண்டு குழிகளுக்கு நடுவே

நாங்குநேரிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இரண்டு போர் குழிகள் இருக்கின்றன. இரண்டிலும் தண்ணீர் இல்லை. முதல் போருக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, இரண்டாவதற்குச் சங்கிலி. இரண்டும் மீளவில்லை. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்க வந்தவர், "பொம்பளைங்க தள்ளி நில்லுங்க, தீட்டு பட்டா ஓட்டம் தெரியாது" என்றார். செலவு யார் நகையில் நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்பவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியாது. எங்கள் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் ஓடும். விரிசலுக்கு நாலடி தள்ளித் துளைத்தால் புழுதிதான் வரும்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் புவி இயற்பியல் படிக்கப் போனேன். அங்கேதான் இந்த முறையைப் படித்தேன். ஒரு குழியில் ரேடார் அலை அனுப்பும் கருவியையும் இன்னொன்றில் அதை வாங்கும் கருவியையும் இறக்குவார்கள். இரண்டையும் மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு அலையும் வந்துசேரும் நேரத்தை அளப்பார்கள். அந்த நேரங்களை வைத்து, குழிகளுக்கு நடுவே உள்ள நிலத்தை சி.டி. ஸ்கேன் போலப் படமாக்கலாம். ஸ்வீடனில் ஸ்ட்ரிப்பா என்ற பழைய இரும்புச் சுரங்கத்தில், 1980களில், கிரானைட் பாறையின் விரிசல்களைக் கண்டறிய இதை வளர்த்தெடுத்தார்கள்.

நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு நானோ நொடி. அதற்குள் ரேடார் அலை காற்றில் 30 செ.மீ. போகும். காய்ந்த கிரானைட்டில் 12, 13 செ.மீ.; தண்ணீரில் 3 செ.மீ.க்குச் சற்று மேல். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் குழிக்குக் காய்ந்த பாறை வழியே ஏறக்குறைய 80 நானோ நொடியில் அலை வந்துவிடும். அதைவிடப் பிந்தினால், வழியில் ஈரம் இருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டும் காஞ்ச குழி. அத வச்சு நடுவுல இருக்கது தெரியுமாட்டி?"

"தெரியும்மா. ஆனா இரும்புக் குழாய் எறக்கியிருந்தா அலை வெளிய வராது. களிமண்ணுன்னா கொஞ்ச தூரத்துலயே அடங்கிரும். கருவிக்கும் நம்மகிட்ட காசு இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பிந்தி வாறதத்தான் கவனிச்சுப் பாக்காவளா?" என்றாள்.

எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்தது. "நடுவில் பதினொரு வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "வீட்டில் சும்மாதான் இருந்தேன் சார்" என்றேன். இரண்டு பிரசவம், படுக்கையில் கிடந்த மாமியாருக்கு நாலு வருஷப் பணிவிடை, ராத்திரி இரண்டு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து நானே "சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் இன்னொரு வேலைக்கு விண்ணப்பித்தேன். அந்த இடத்தை இந்த முறை காலியாக விடவில்லை. செய்ததையெல்லாம் வருஷம் போட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.