பதில் போட்டால் போதும், சார்!

பிரஸ்ஸல்ஸின் பிப்ரவரிக் குளிர் காதைத் திருகித்தான் வரவேற்கும். கூடவே சிணுங்கல் மழை. அந்த நேரத்தில் யார் போவார்கள் என்கிறீர்களா? ஆயிரக்கணக்கில் போகிறார்கள், சார்!

சோல்போஷ் பல்கலைக்கழக வளாகத்தில், 2001-ல் ஆரம்பித்த ஃபாஸ்டெம் என்ற இரண்டு நாள் கூட்டம். டிக்கெட் கிடையாது. பெயர்கூடக் கேட்பதில்லை. மேஜை மேஜையாக ஸ்டிக்கர், டி-ஷர்ட். ஹால் நிரம்பினால் கதவில் 'ஃபுல்' போர்டு. வெளியே உருளைக்கிழங்கு வறுவல் வாசனை.

வந்திருப்பவர்களில் பலர் சொந்த நேரத்தில் சாஃப்ட்வேர் எழுதி ஊருக்கே சும்மா கொடுப்பவர்கள். என் பி.காம். மூளைக்கு இது எந்தக் கணக்கில் வரவு என்று பிடிபடவில்லை. விசாரித்தால் விஷயம் ரொம்ப சிம்பிள்.

ஒரு புது ஆள் ராத்திரி கண் விழித்து ஒரு திருத்தம் செய்து அனுப்புகிறார். கூலி கேட்கவில்லை. ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். வரவில்லையா? ஆள் அப்பீட்! ஃபயர்ஃபாக்ஸ் புகழ் மொஸில்லா இதைக் கணக்கெடுத்தே பார்த்தது. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் படித்துக் கருத்துச் சொன்னால், புதியவர் திரும்பி வருவது ரொம்பவே அதிகம்.

ஆனால் பதிலிலும் பதம் வேண்டும். 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸைத் துவக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பதில்கள் சுடச்சுட வரும். சில சமயம் ஆளையே சுட்டுவிடும்! 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டு வந்தார்.

பழைய ஆட்களும் பாவம்தான். பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி வந்தால் குவிந்து கிடக்கும் திருத்தங்கள். விவரமானவர்கள் என்ன செய்கிறார்கள்? "பார்த்தேன், நன்றி, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று உடனே ஒரு வரி தட்டிவிடுகிறார்கள். வேண்டாமென்றால் காரணத்தோடு வேண்டாம் என்கிறார்கள். சுலபமான வேலைகளை 'புதியவர்களுக்கு' என்று சீட்டு ஒட்டி ஒதுக்கியும் வைக்கிறார்கள். இன்றைய புது ஆள்தானே நாளைக்குச் சுமையில் பாதியைத் தூக்கப்போகிறவர்!

ஃபாஸ்டெமில் ஞாயிறு சாயங்காலம் துப்புரவு வேலைக்கு யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம். முதல் தடவை வந்தவரும் சேரலாம்.

அது சரி, உங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்த நோட்டைப் படித்துவிட்டீர்களா? நன்றாக இருக்கிறது, இல்லை, ஏதோ ஒன்று சொல்லிவிடுங்கள், சார். 48 மணி ஓடிக்கொண்டிருக்கிறது!