பழைய ஹெரால்டும் பிந்தைய சக்கரமும்

ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றி வேறொரு காருக்கு மாட்ட நினைப்பவர் முதலில் எண்ணுவது துளைகளை. நான்குக்கு நான்கு சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்ததென்று தோன்றும். அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்த நான்கு துளைகளின் மையங்களும் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். பட்டறைகளில் இதைப் பி.சி.டி. என்பார்கள். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இது 95.25 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில் மூன்றே முக்கால். இன்று தெருவில் ஓடும் ஸ்விஃப்ட், சான்ட்ரோ போன்ற கார்களில் 100 மில்லிமீட்டர். மையத்திலிருந்து அளந்தால் ஒவ்வொரு துளைக்கும் 2.375 மில்லிமீட்டர் வேறுபாடு. ஹெரால்டின் ஸ்டட்டுகள் மெலிந்தவை, சுமார் 9.5 மில்லிமீட்டர் தடிமன். புதிய அலாய் சக்கரத்தின் துளைகளோ அதைவிடத் தடித்த போல்ட்டுக்காகக் குடையப்பட்டவை. ஆகவே சக்கரம் ஏறிவிட்டதுபோலவே இருக்கும். நட்டும் பிடித்ததுபோலவே இருக்கும். நட்டின் கூம்பு முகம் துளைக்குள் முழுமையாக அமராமல் ஒரு பக்க விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதை வெளியிலிருந்து பார்ப்பவரால் அறிய இயலாது.

பொம்மசந்திராவில் இந்தச் சிறு இடைவெளியைக் கடப்பது எளிது. பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை அது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் கடைசி நிலையமும் அதுவே. பெரிய ஆலைகளின் நிழலில் லேத் பட்டறைகள் பல இயங்குகின்றன. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்தவர்கள் அங்கே தமிழும் கன்னடமும் கலந்து பேசியபடி இரும்பைக் கடைகிறார்கள். ஓர் அலுமினியத் தட்டை எடுத்து, அதில் 95.25 வட்டத்தில் நான்கு துளைகளும், நாற்பத்தைந்து பாகை திருப்பி 100 வட்டத்தில் நான்கு ஸ்டட்டுகளும் அமைத்துவிட்டால் அடாப்டர் தயார். தட்டு பழைய காரின் ஹப்பைப் பிடிக்கும். புதிய சக்கரம் தட்டைப் பிடிக்கும்.

அத்தகைய ஒரு தட்டைச் செய்துதரக் கேட்டு ஒருவர் அங்கே போனார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கார் அவருடைய தந்தை சென்னையில் வாங்கியது. நீண்ட காலம் உறையிட்டு நின்ற ஹெரால்டை மகள் ஓட்ட ஆசைப்பட்டாள். ஏற்காடு வரை போய்வர வேண்டும் என்பது அவள் திட்டம். பழைய சக்கரங்கள் துருவேறியிருந்தன. ‘அகலமான சக்கரம் போட்டால் வளைவில் வண்டி நிற்கும்’ என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, ஒரு பிந்தைய காரின் அலாய் சக்கரங்கள் நான்கை அவர் முன்கூட்டியே வாங்கியும் விட்டார்.

கடைசல்காரர் தட்டின் படத்தைப் பார்த்தார். பிறகு ஹப்பிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த ஒரு ஸ்டட்டைக் கையில் வைத்து உருட்டினார். “தட்டு செஞ்சு தரேன் சார், அரை நாள் வேலை. ஆனா இந்த மெல்லிசுக் குச்சி அம்புட்டையும் தாங்குமான்னு நான் சொல்ல முடியாது. அதைக் கணக்குப் பண்ணிட்டு வாங்க” என்றார். வேலையை மறுக்கவில்லை, பொறுப்பு எங்கே முடிகிறது என்பதைச் சொன்னார். ஆசிரியர் தட்டு செய்யச் சொல்லாமல் திரும்பினார். அடுத்த சில வாரங்கள் அவர் போட்ட கணக்குகள்தாம் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் காரின் குலம். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் ஹெரால்டை வெளியிட்டது. உடல் வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியுடையது. உடலும் சட்டகமும் ஒன்றான கார்கள் பரவிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு தனிச் சட்டகத்தின் மேல் நின்றது. அந்தத் தனிச் சட்டகமே இரு வழிகளைத் திறந்தது. ஒன்று, அதைச் சுருக்கி அதன்மேல் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயரை 1962இல் கொண்டுவர முடிந்தது. மற்றொன்று, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டை இங்கேயே தயாரித்து, பின்னர் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு வடிவத்தையும் உருவாக்க முடிந்தது. குடும்பக் காராக விற்ற ஹெரால்டும் திறந்த கூரை ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள். முன்சக்கரத் தொங்கலும், பின்சக்கர அமைப்பின் அடிப்படையும், 95.25 வட்டமும் இரண்டுக்கும் பொது.

ஆசிரியருக்கு இரண்டாவது வழி தெரிந்தது இங்கேதான். ஸ்பிட்ஃபயரின் கடைசி வடிவமான ஸ்பிட்ஃபயர் 1500இன் சக்கரம் நான்கரை அங்குல அகலம், ஹெரால்டினுடையது மூன்றரை. அதே 13 அங்குல விட்டம், அதே நான்கு துளை, அதே வட்டம். அடாப்டர் தேவையில்லை, கழற்றி மாட்டினால் போதும். வெளிநாட்டு ஆர்வலர் பலர் செய்வதும் இதையே. ஆயினும் அந்தச் சக்கரம் எந்தக் காருக்காக உருவானது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசல் அச்சு முறையில் அமைந்தவை. ஒவ்வொரு பக்கத்து அச்சும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் அருகே ஒரே மூட்டில் மடங்கும். சக்கரம் மேலும் கீழும் போகையில் சாய்வும் கூடவே மாறும். வளைவில் விரைந்து திரும்பும்போது வெளிப்பக்க டயரின் பக்கவாட்டு விசை அந்த மூட்டின் வழியாகக் காரின் பின்பகுதியை மேலே தூக்கும். பின்பகுதி எழுந்தால் சக்கரம் அடிப்பக்கம் உள்நோக்கி மடியும். மடிந்தால் சாலையைத் தொடும் பரப்பு சுருங்கும். பிடிப்பு சட்டென அறும். வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இது இன்னும் விரைவில் நிகழும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயம் செவர்லே கார்வேரின் இதே ஊசல் அச்சைப் பற்றியதுதான்.

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய புள்ளி இது. பின்பகுதியைத் தூக்கும் விசை டயரின் பக்கவாட்டு விசையைப் பொறுத்தது. மெல்லிய பழைய குறுக்கிழை டயருக்குப் பிடிப்பு குறைவு. அது அச்சு மடிவதற்கு முன்பே வழுக்கத் தொடங்கும். அந்த வழுக்கல் ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை. அகலமான சக்கரமும் ஒட்டும் டயரும் வழுக்கலைத் தள்ளிப்போடும். கார் இன்னும் வேகமாக வளைவுக்குள் போகும். தூக்கும் விசை இன்னும் பெருகும். எச்சரிக்கை இல்லாமல் அச்சு மடியும். நண்பர்கள் சொன்ன ‘வளைவில் நிற்கும்’ என்ற வாக்கு பெரும்பாலான கார்களுக்கு மெய். இந்தக் காரில், மேம்பாடென்று வாங்கிய பிடிப்பே ஆபத்தின் விசையாகிவிடும்.

உற்பத்தியாளர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் பின் ஸ்பிரிங்கையே மாற்றினார்கள். குறுக்கே கிடக்கும் வில்லின் தகடுகளில் பெரும்பகுதி நடுவில் ஆடும்படி விடப்பட்டது. அதனால் சக்கரம் மடியும் போக்கு வெகுவாகக் குறைந்தது. ஸ்பிட்ஃபயர் 1500இன் அகலச் சக்கரம் இந்த மாறிய வில்லின்மேல் நின்ற சக்கரம். சென்னையிலும், ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கசெல் காரில் ஊசல் அச்சைக் கைவிட்டுத் திட அச்சை வைத்தார்கள். பிந்தைய சக்கரத்தை மட்டும் பெயர்த்து முந்தைய காரில் மாட்டுவது, ஒரு முடிவை அதன் காரணங்களிலிருந்து பிரித்தெடுத்து வருவதற்கு ஒப்பாகும். துளைகள் பொருந்துவதால் காரணங்களும் உடன் வந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை.

முன்பக்கத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை திருகு வடிவிலானது. அது ட்ரன்னியன் எனப்படும் உலோகக் கலவைக் கிண்ணத்துக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தப் புரிக்குள் சுழலும். அங்கே இட வேண்டியது கியர் எண்ணெய். பழக்கத்தால் பலர் கிரீஸ் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே நீர் புகுந்து துருப்பிடித்தால் தண்டு அந்த இடத்திலேயே முறியும், சக்கரம் மடிந்துவிடும். அடாப்டர் தட்டு, சக்கரத்தை வெளியே தள்ளுமானால், ஸ்டியரிங் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் இடையிலான தொலைவு கூடும். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு பிரேக்கும் அந்தத் தண்டையும் பேரிங்கையும் நெம்பும் நெம்புகோல் அதனால் நீள்கிறது. புதிய சக்கரத்தின் உட்குழிவு அந்தத் தட்டின் தடிமனை ஈடுசெய்யவும் கூடும். அதை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியே அளந்துதான் அறிய முடியும். ஹெரால்டு வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பக் கூடியது என்ற பெருமை உடையது. முன்சக்கரங்கள் அவ்வளவு கூர்மையாகத் திரும்புவதால், அகல டயர் முழுத் திருப்பத்தில் உள்ளே எதையேனும் உரசுகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. பழையதை அப்படியே காப்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது. அறுபது ஆண்டு இரும்புச் சக்கரத்தில் துருவும் விரிசலும் இருக்கலாம். நெடுங்காலம் நின்ற காரின் டயர், பள்ளங்கள் தேயாதிருந்தாலும், ரப்பர் முதிர்ந்து வெடித்திருக்கும். அதை ‘அசல்’ என்று போற்றி நெடுஞ்சாலையில் ஓட்டுவது பிழை. ஆக, மாற்ற வேண்டுமா என்பதில் ஐயமில்லை. எதை, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதே கேள்வி.

சட்டமும் இதே எல்லையில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021 ஜூலையில் வந்த விதிகளோ ஐம்பது ஆண்டைக் கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவை அளிக்கின்றன. இன்று எஞ்சியுள்ள ஹெரால்டுகள் அனைத்தும் அந்த வயதைத் தாண்டியவை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும், தேவையான மாற்றம் அடக்கமாகவும் மூலத்தைக் குலைக்காமலும் இருக்க வேண்டும் என்கிறது. சுவடியைச் செப்பனிடுவோர் அறிந்த நெறிதான் இது: பின்னால் வருபவர் திரும்பப் பிரித்தெடுக்கக் கூடியதாக ஒட்டு இருக்க வேண்டும்.

ஆசிரியர் கடைசியில் கண்டடைந்த வழி ஆர்ப்பாட்டமற்றது. பழைய மூன்றரை அங்குல இரும்புச் சக்கரங்களைத் துரு நீக்கி, விரிசல் சோதித்து, தேறாத ஒன்றுக்கு மாற்று தேடிப்பிடித்தார். ஸ்டட்டுகள் அனைத்தையும் புதிதாக்கினார். முன்பக்கச் செங்குத்துத் தண்டுகளைக் கழற்றிப் புரிகளைப் பார்த்து, ட்ரன்னியன்களில் கிரீஸை வெளியேற்றி எண்ணெய் இட்டார். டயர் மட்டும் இக்காலத்தது: 145/80 ஆர் 13. வேகன்ஆர் போன்ற கார்களுக்குக் கடைகளில் கிடைக்கும் அளவு; மூன்றரை அங்குலச் சக்கரத்திலும் அமரும். பழைய 5.20–13 டயரைவிடச் சற்றே குள்ளமானதால் வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும். ரேடியல் என்பதால் பழைய டயரைவிடப் பிடிப்பும் சிறிது கூடுதல்தான். அதை அவர் மறைக்கவில்லை.

அதனால் எஞ்சிய பாதுகாப்பை அவர் ஓட்டுபவரின் காலில் வைத்தார். ஏற்காட்டு மலைப்பாதைக்கு முன் ஓசூர்ப் பக்கத்துக் காலிச் சாலைகளில் மகளுக்கு இரண்டே பாடங்கள் நடந்தன. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் என்ன நேர்ந்தாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கக் கூடாது. அலாய் சக்கரங்கள் நான்கும் ஒரு ஸ்விஃப்ட்காரருக்கு விற்கப்பட்டன. அந்தக் காரில் அவை அடாப்டர் ஏதுமின்றிச் சரியாக அமர்ந்தன.