குண்டூர் நாட்டுக்கு ஒரு மார்கழிப் பயணம்

கனடாவில் இருக்கும் என் நாத்தனார் மகள் குளிர்காலம் வந்தால் தவறாமல் வீடியோ அனுப்புவாள். உறைந்து கிடக்கும் ஏரி, கரை முழுக்க வெள்ளை போர்த்திய ஊசியிலைக் காடு, நடுவில் அவளும் அவள் வீட்டுக்காரரும் ஸ்னோமொபைலில் போய்க்கொண்டிருப்பார்கள். சக்கரம் இல்லாத வண்டி அது. முன்னால் சறுக்குப் பலகை இரண்டு, பின்னால் இன்ஜின் சுழற்றுகிற அகலமான ரப்பர்ப் பட்டை. கியர் மாற்றும் வேலையும் கிடையாது. கைப்பிடியில் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால் வேகம் எடுக்கும். "அத்தை, நீங்களும் மாமாவும் ஒரு தடவை வாங்க" என்று வீடியோவின் முடிவில் கத்துவாள். பின்னால் உட்கார்ந்து புருஷனின் இடுப்பை இறுகப் பிடித்திருக்கும் அவள் முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே இருக்கும்.

அந்த முகம் எனக்குப் பிடித்துப்போனது. என் வீட்டுக்காரர் விசாரித்துப் பார்த்தார். காஷ்மீரத்தில் குல்மார்க்கிலும் அந்த வண்டி வாடகைக்குக் கிடைக்குமாம். அங்கே போய்வரும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இருவரும் பேசாமல் இருந்தோம். எனக்கு வேண்டியது பனிக்கட்டி இல்லை என்று யோசித்தபோது தெரிந்தது. குளிர், காடு, ஒரே வண்டி, முன்னால் இவர், பின்னால் நான். இத்தனையும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்திலேயே இருக்கிறது. சேந்தமங்கலத்துக்காரர்களுக்குக் கொல்லிமலை கிழக்கே எந்நேரமும் நிற்கிற மலை. அறப்பளீஸ்வரரைக் கும்பிட பஸ்ஸில் போயிருக்கிறோம். பைக்கில், அதுவும் மார்கழிக் குளிரில், போனதில்லை.

எங்கள் தெருவுக்கு மலைவாழைப் பழம் கொண்டுவரும் அம்மா குண்டூர் நாட்டுக்காரர். மலையில் ஊராட்சிகள் பதினான்குக்கும் நாடு என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று அந்த வரிசையில் குண்டூர் நாடும் ஒன்று. "காப்பிப் பழம் பறிக்கிற காலத்துல வா தாயி, ஊட்டுல சாமச்சோறு ஆக்கிப் போடறேன்" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்த மார்கழியில் கிளம்பிவிட்டோம்.

இவரிடம் இருப்பது நூறு சிசி வண்டி. முதல் நாள் மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் ஷூ மாற்றி, செயினை இறுக்கி, பின் டயரில் காற்று பார்த்து வாங்கி வந்தார். ஸ்வெட்டர், குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், இருவருக்கும் ஹெல்மெட். விடியுமுன் புறப்பட்டுக் காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்தோம். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்துதான் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் எழுபது. ஒவ்வொன்றின் முகப்பிலும் எண் எழுதியிருக்கும்.

முதல் சில வளைவுகளில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் இருப்பவருக்கு வேலை எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் இவர் ஓரங்கட்டி நிறுத்தி, "நான் சாயற பக்கமே நீயும் சாயணும். நீ நிமிந்தா வண்டி வெளிப்பக்கம் இழுக்குது" என்றார். அப்புறம் கவனித்தேன். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டம், ஏற்றம் செங்குத்தாக இருக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிவிட வேண்டும். நடுவில் மாற்றப் போனால் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். வலப்பக்க வளைவில் நாம் வெளிவட்டம். ஏற்றம் சற்று இளகும், ஆனால் மேலிருந்து இறங்கும் பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இவர் கண் எப்போதும் வளைவு முடியும் இடத்தில் இருந்தது. நானும் இவர் தோளுக்கு மேலே அதே இடத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அதன் பிறகு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்தது இந்தச் சாலையில்தான் என்று தோன்றியது. வீட்டில் அவரவர் வேலை, அவரவர் போன்.

பாதி மலைக்கு மேல் மூட்டம். ஐப்பசி கார்த்திகை மழை நனைத்துவிட்டுப் போன மண்ணின் ஈரம், மார்கழி இரவின் குளிரில் திரண்டு காலையில் மரங்களுக்கிடையே தங்கிவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஹெட்லைட்டைத் தூக்கி அடித்தால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. தாழ்த்திப் போட்டால்தான் தார்ச்சாலையின் ஓரமாவது தெரியும். மேலே எங்கோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அடுத்த வளைவிலா, அதற்கும் அடுத்ததிலா, சொல்ல முடியாது. ஒரே மலைச்சரிவில் சாலை மடிந்து மடிந்து ஏறுவதால் தலைக்கு மேலேயே நாலைந்து அடுக்குச் சாலை இருக்கிறது. தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்திக் காத்திருந்தோம். இன்ஜினை அணைத்ததும் இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். குல்லாவின் ஓரத்தில் நீர் கோத்திருந்தது. கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது. நாத்தனார் மகளின் முகத்தில் பார்த்தது அப்போது என் முகத்திலும் இருந்திருக்கும். பஸ் மெல்ல எங்களைக் கடந்து போனது. டிரைவர் கையை உயர்த்திக் காட்டினார்.

சங்க காலத்தில் இந்த மலைக்கு உரியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. மலை மேலிருக்கும் செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழாவும் எடுக்கிறது. தன் பெயரும் தன்னைச் சுமக்கும் குதிரையின் பெயரும் ஒன்றாக இருப்பதன் நெருக்கம், இந்த மலையில் வண்டி ஏறுகிறவர்களுக்குப் புரியும்.

செம்மேட்டிலிருந்து குண்டூர் நாட்டுக்குக் கிளைச்சாலை. மூட்டம் கலைந்து வெயில் வந்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, ஊடே பலா, வாழை. சரிவுகளில் மரவள்ளி. அந்த அம்மா வீட்டு வாசலில் காப்பிப் பழத்தைக் காயப் போட்டிருந்தார்கள். சிவப்பாகப் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிப்பதால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்குமாம். சொன்னபடி சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. சோற்றில் சூடு பறந்தது. விரல்களுக்கு உயிர் வந்தது.

சாமை இப்போது எல்லோர் வீட்டிலும் இல்லை என்றார் அவர் மகன். பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பெயர் வைத்து விதைத்த இடத்தில் மரவள்ளி வந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், அதை ஏற்றிப் போக லாரி வரும். சாமைக்கு அப்படி லாரி வருவதில்லை, போதாக்குறைக்கு உமி நீக்க உரலில் இடிக்க வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பதிலும் அரவை இயந்திரம் கொடுப்பதிலும் வேலை செய்துவருகிறது. அது இல்லாவிட்டால் எங்கள் இலையில் அந்தச் சோறு விழுந்திருக்குமா என்பது சந்தேகம். சாலை எதைக் கொண்டுவருகிறது, எதைக் கொண்டுபோய்விடுகிறது என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அந்த அம்மா தன் மாமியார் காலத்துக் கதையைச் சொன்னார். ஊருக்குள் வண்டி வராத காலம். பிரசவ வலி எடுத்தவரைக் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நான்கு ஆள் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்களாம். மழைக்காலம் என்றால் பாறை வழுக்கும். "பாதி வழியில திரும்பி வந்ததும் உண்டு" என்றார். ஏன் திரும்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் வெளியே போய்க் காப்பிப் பழத்தைக் கிளறிவிட்டு வந்தார். இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இராசிபுரத்தை ஒட்டிய போதமலையில், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஊழியர்கள் நடந்து ஏறிய செய்தியை எங்கள் மாவட்டத்தார் எல்லோரும் படித்திருக்கிறோம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஸ்னோமொபைல்தான் நினைவில் வந்தது. அதை உருவாக்கியவர் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1907இல் பிறந்தவர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரில் மெக்கானிக்காக இருந்தார். பனி மூடினால் அந்த ஊர் மாதக்கணக்கில் வெளியுலகத்திலிருந்து அறுந்துவிடும். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பையனுக்குக் குடல்வால் அழற்சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. அவர் செய்துவைத்திருந்த பனிவண்டியும் அப்போது ஓடும் நிலையில் இல்லை. பையன் இறந்துபோனான். அந்தப் பெற்றோர் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பட்டறைக்குத் திரும்பினார். பல்சக்கரம் சுழற்றும் ரப்பர்ப் பட்டையை வடிவமைத்தார். 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு ஏழு பேர் உட்காரும் வண்டி செய்தார். டாக்டர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறியவை அவர் செய்த வண்டிகள். இன்று என் நாத்தனார் மகள் போகிற மாதிரியான சிறிய வண்டி, ஸ்கி-டூ, 1959இல்தான் வந்தது. அதுவும் வடக்கே தனித்துக் கிடக்கும் ஊர்களுக்குப் போகிற பாதிரியார்களையும் வேட்டைக்காரர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. ஊர் சுற்றவும் உல்லாசத்துக்கும் என்று ஜனங்கள் வாங்கிக் குவித்தது அதற்கப்புறம்.

உல்லாசம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அன்று காலை மூட்டத்தில் நின்ற சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அது யாருடைய சாலையில் கிடைத்த சந்தோஷம் என்று தெரிந்துகொண்டு அனுபவிப்பது வேறு. எங்களுக்கு எழுபது வளைவும் ஒரு நாள் பயணம். குண்டூர் நாட்டில் உள்ளவர்களுக்கு ரேஷன், கல்லூரி, கிழங்கு லாரி, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் அந்த வளைவுகளில்தான் இறங்கி ஏறியாக வேண்டும். 2008இல் தமிழகத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. அது நேரத்தோடு மலையிலிருந்து இறங்குவதும் இறங்காததும், அந்த நேரம் வளைவில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இறங்கும்போது அதைக் கண்ணாலேயே பார்த்தோம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் ஷூ சூடேறிப் பிடிமானம் போய்விடும். இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இவர் இறக்கினார். நாற்பத்தைந்தாம் வளைவுப் பக்கம் சில இளைஞர்கள் பைக்குகளைச் சாலையின் நடுவே நிறுத்தி, ஒருவர் சாய்ந்து திரும்புவதை மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து ஏறி வந்த ஜீப் ஒன்று ஹாரன் அடித்து அடித்து நின்றது. பின்சீட்டில் மகள் மடியில் தலைவைத்து ஒரு வயதானவர் படுத்திருந்தார். கீழே சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார் போலிருந்தது. முழு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி நகர்த்த அந்த டிரைவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரிந்தது. இவர் இறங்கிப் போய்ப் பையன்களிடம் பேசினார். நல்ல பிள்ளைகள்தான். உடனே ஒதுங்கி நின்றார்கள். ஜீப் போகும்வரை தலைகுனிந்து நின்றார்கள். யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த மார்கழியிலோ தையிலோ கொல்லிமலைக்கு ஜோடியாக வண்டியில் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். தாராளமாகப் போங்கள், குளிர் தாங்கும் உடுப்போடும் நல்ல பிரேக்கோடும் போங்கள். சாலை குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும், இது சட்டத்தில் உள்ள விதி. வளைவில் நிற்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரம்கட்டிவிட்டு எடுங்கள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தால், அதில் யார் படுத்திருக்கிறார் என்று பார்க்கக் காத்திருக்காமல் ஒதுங்கிவிடுங்கள்.