மேடையில் பட்ட கடன்

லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் எக்ஸ்பொசிஷன் பூங்காவில், ஒலிம்பிக் கண்ட கொலீஸியம் மைதானத்தை ஒட்டி, இப்போது ஒரு கால்பந்து ஸ்டேடியம் இருக்கிறது. 2016 வரை அங்கே நின்றது மெமோரியல் ஸ்போர்ட்ஸ் அரீனா. 1960ல் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடி ஜான் கென்னடியை ஜனாதிபதி வேட்பாளராக்கியது இந்தக் கூரையின் கீழ்தான். 1984 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை நடந்ததும் இங்கேதான். கடைசி வருடங்களில், ஜூன் மாதம் வந்தால் சோனி கம்பெனி இதை வாடகைக்கு எடுத்து, வரப்போகும் விடியோ கேம்களை இங்கே காட்டியது.

2014 ஜூன் 9ம் தேதி மாலை அந்த மேடையில் ஏறியவர் ஷான் முர்ரே. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் என்ற குட்டி நிறுவனத்தின் தலைவர். தாடி, கலைந்த தலை, கொஞ்சம் உதறல். அதற்கு ஆறு மாதம் முன்புதான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வெள்ளம் புகுந்து அவர்களுடைய அலுவலகத்தைப் பாழாக்கியிருந்தது. அந்த நிலையில், சோனியின் கோடிக்கணக்கான டாலர் தயாரிப்புகளுக்கு நடுவே, 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் முன்னோட்டம் ஓடியது. ராட்சத மிருகங்கள் மேயும் ஒரு கிரகம். மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஓடும் காண்டாமிருகம் போன்ற ஒன்று. விமானத்தில் ஏறினால் நேராக விண்வெளி. கிரகங்கள் எத்தனை தெரியுமா? உத்தேசமாக 18க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள்.

இது புளுகல்ல. ஒவ்வொரு கிரகத்தையும் யாரும் உட்கார்ந்து வரையவில்லை. புள்ளிக்கணக்குத் தெரிந்தால் கோலம் தானாக வந்துவிடுவதைப் போல, ஆடுபவர் நெருங்கும்போது கணித விதிகள் மலையையும் மிருகத்தையும் அங்கேயே உருவாக்கும். அரங்கம் கைதட்டியது.

இ3 என்ற அந்த வருடாந்திரக் கண்காட்சி 1995ல் இதே நகரில் துவங்கியது. தலைமையிடம் அரீனாவுக்கு வடக்கே, ஃபிகரோவா வீதியில் உள்ள கன்வென்ஷன் சென்டர். டெல்லி பிரகதி மைதானத்தில் ஊறுகாயும் கம்பளமும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஏனென்றால் இங்கே கையில் வாங்கிப் போக ஒன்றும் கிடையாது. வருவோர் கடைக்காரர்கள், பத்திரிகையாளர்கள், தொழிலில் உள்ளவர்கள். 2014ல் சுமார் 49 ஆயிரம் பேர். பொதுமக்களுக்கு டிக்கெட் விற்றதே 2017ல்தான். காட்டப்படும் சரக்கில் பெரும்பகுதி இன்னும் முடியாதது. பூஜை போட்ட அன்றே தீபாவளி ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டும் கோடம்பாக்கத்துக்கு இந்தச் சூதாட்டம் நன்றாகப் புரியும். ஒரு வித்தியாசம்: போஸ்டரில் இருந்த காட்சி படத்தில் இல்லை என்று இங்கே யாரும் கதாநாயகனைக் கொல்லக் கிளம்புவதில்லை.

முர்ரேக்கு அதுதான் நேர்ந்தது. கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம், மறுக்கத் தெரியாமல், அது உண்டு, இதுவும் இருக்கலாம் என்று இரண்டு வருடம் பதில் சொல்லிக்கொண்டே போனார். ஜூனில் வரவேண்டிய விளையாட்டு 2016 ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனபோதே கொலை மிரட்டல் வந்தது. ஒரு வழியாக ஆகஸ்ட் 9ம் தேதி வெளியானது. தயாரித்தவர்கள் சுமார் 15 பேர். விலையோ பெரிய கம்பெனிகள் வைக்கும் அதே 60 டாலர். இரண்டு பேர் தேடிப்பிடித்து ஒரே கிரகத்தின் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. முன்னோட்டப் படத்தில் பறந்த வண்ணத்துப்பூச்சிகள் விளையாட்டில் இல்லை என்பதற்காகவும் ஒரு கொலை மிரட்டல் வந்ததாகப் பிற்பாடு முர்ரே சொன்னார். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு புகார்களை விசாரித்து, அந்த வருட நவம்பரில் விளம்பரத்தில் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது.

(கில்ட்ஃபோர்டுக்கு இது புதிதல்ல. அதே ஊரில் தொழில் நடத்திய பீட்டர் மோலினோ, 'ஃபேபிள்' விளையாட்டில் வருவதாகச் சொன்ன பல அம்சங்கள் வராததற்காக 2004ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.)

முர்ரே மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் தரவில்லை. வாயை மூடிக்கொண்டார். நவம்பரில் ஒரு இலவசச் சேர்க்கை வந்தது. பிறகு இன்னொன்று. 2018 ஜூலையில் வந்த சேர்க்கையில் ஒருவரையொருவர் முழுசாகப் பார்த்துச் சேர்ந்து ஆட முடிந்தது. எதற்கும் கூடுதல் காசு வாங்கவில்லை. 2019ல் ரசிகர்களே பணம் திரட்டி, கில்ட்ஃபோர்டில் அலுவலகத்துக்கு அருகே நன்றி சொல்லி விளம்பரப் பலகை வைத்தார்கள். திட்டுவதற்குக் காட்டிய அதே ஊக்கம்.

அரீனா 2016ல் இடிக்கப்பட்டது. இ3யும் நலிந்தது: 2020ல் கொரோனாவால் ரத்து, 2021ல் இணையத்தில் மட்டும், அடுத்த இரண்டு வருடமும் ரத்து. மேடையும் கூட்டமும் இல்லாமலே வீட்டிலிருந்தபடி முன்னோட்டம் காட்டலாம் என்று பெரிய கம்பெனிகள் கண்டுகொண்டுவிட்டன. கண்காட்சி இனி இல்லை என்ற அறிவிப்பு 2023 டிசம்பர் 12ம் தேதி வந்தது.

அதற்கு ஐந்து நாள் முன்பு, கன்வென்ஷன் சென்டருக்குப் பக்கத்திலேயே உள்ள பீகாக் தியேட்டரில் ஒரு விருது விழா. முர்ரே மறுபடி மேடையேறினார். அடுத்த விளையாட்டின் பெயர் 'லைட் நோ ஃபயர்'. இந்தத் தடவை ஒரே ஒரு கிரகம். ஆனால் பூமியளவு பெரியது. முன்னோட்டம் ஓடியது. அரங்கம் கைதட்டியது. வெளியாகும் தேதியை மட்டும் அவர் சொல்லவில்லை.