பழைய கணினி, புதிய போன்

"சேர், அந்தக் காலத்து வீட்டுக் கணினியை இப்போதைய போனில் ஓட்டலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தாராளமாக ஓட்டலாம். 1982இல் பிரிட்டனில் வெளிவந்த ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகம் கூடியது 48 கிலோபைட், வேகம் 3.5 மெகாஹேர்ட்ஸ். அதன் சிப் செய்த ஒவ்வொரு வேலையையும் எமுலேட்டர் என்ற மென்பொருள் அப்படியே செய்யும். இன்றைய போனின் வேகத்துக்கு, எமுலேட்டர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டால்தான் விளையாட்டை விளையாடவே முடியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் புரோகிராம்கள் பெரும்பாலும் கசட்டில்தான் இருந்தன. பிரதி எடுக்குமுன் நாடா பழுதாகிவிட்டால், எந்த எமுலேட்டராலும் அதை மீட்க முடியாது.

சவூதியிலிருந்து வாப்பா பேசி அனுப்பிய கசட் உங்கள் அலுமாரியிலும் இருக்கலாம். நாடா இன்னும் ஓடும்போதே போனில் பதிந்து வையுங்கள்.