மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வி

தலைவலி என்று போனாலும் வயிற்றுவலி என்று போனாலும் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பதே அது. 'வலிக்கு மருந்து கேட்டால் இவர் வழக்கத்தைக் கேட்கிறாரே' என்று நம்மவர் பலர் மனத்திற்குள் முணுமுணுப்பதும் உண்டு.

என் தந்தையார் கொத்தனார், ஐம்பதை நெருங்குபவர். சென்ற ஆண்டு குடலிறக்க ஆபரேஷனுக்காக அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இதே கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க ஐயா" என்றார் அப்பா, கைகட்டி நின்றபடி. "தினம் ஒரு கட்டு பிடிப்பாருங்க" என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டு, பீடியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். "படிச்சவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்று அப்பா வழியெல்லாம் அம்மாவைக் கடிந்துகொண்டார்.

அதிகாரத்தில் இருப்பவர் கேள்வி கேட்டால் அது குற்றம் காண்பதற்கே என்பது அவருக்கு வாழ்க்கை கற்றுத் தந்த பாடம். வேதியியல் பயிலும் எனக்கோ அக்கேள்வி ஓர் அளவுகோலாகத் தோன்றுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மயக்கத்தில் கிடப்பவருக்கு இது ஆபத்தன்றோ? ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலில் சளி கட்டும். புண் ஆறவும் நாளாகும். மருந்தின் அளவும் மாறுபடும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், புகைப்பவர் உடலில் விரைவாகச் சிதைந்துவிடுகிறது. அவர் புகைப்பதை நிறுத்தினால் பழைய அளவே மிகையாகிவிடும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "ஈர மணலா, காஞ்ச மணலான்னு பாக்காம நீங்க கலவையில தண்ணி ஊத்துவீங்களாப்பா? அது மாதிரிதான் டாக்டர் கேக்கறதும்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்படின்னா கேக்க வேண்டியதுதான்" என்றார்.

இக்கேள்விக்கு ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர், மருத்துவமனை நோயாளிகளிடம் இதைக் கேட்டறிந்தே, புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டு நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. காசநோயால் இறக்கும் அபாயம் புகைப்பவருக்கு நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. விட்டவருக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. ஐம்பது வயதில் நிறுத்தியவரும் சராசரியாக ஆறு ஆண்டு ஆயுளைக் காத்துக்கொள்கிறார் என்று டால் குழுவினர் 2004இல் எழுதினர்.

நண்பர்களே! நம்மில் பலர், நம் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும் நாமே. சீட்டைப் படித்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. டாக்டர் கேட்பது மானத்தை வாங்குவதற்கல்ல, உயிரைக் காப்பதற்கே என்பதை அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்வோம். கூசாமல் சொல்லும் ஓர் உண்மை, உரிய மருந்துக்கு வழிகாட்டும்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்